எண்ணத்துக்கா, செயலுக்கா? சமாதான நோபல் பரிசும் ஆட்சித் தலைவர்களும்

டைனமைற் வெடிமருந்தைக் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய சுவீடன் நாட்டவரான அல்பிரட் நோபல், 1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி பாரிஸ் நகரில் தமது இறுதி மரணசாசனத்தில் கையொப்பமிட்டார். தமது சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு ஆண்டுதோறும் ஐந்து பரிசுகள் வழங்கப்பட வேண்டும் என்றும், முந்திய ஆண்டில் மனித குலத்துக்கு மிகப் பெரும் நன்மை செய்தோருக்கே அவை உரியன என்றும் அதில் எழுதினார். சமாதானப் பரிசு எவருக்கு என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். நாடுகளுக்கிடையே சகோதரத்துவத்தை வளர்ப்பதற்கும், நிரந்தரப் படைகளை ஒழிப்பதற்கு அல்லது குறைப்பதற்கும், சமாதான மாநாடுகளைக் கூட்டுவதற்கும் மிக அதிகமாக அல்லது மிகச் சிறப்பாகப் பணியாற்றியவருக்கே அது சேர வேண்டும்.

செய்தோர், பணியாற்றியவர் போன்ற சொற்களை வினையாலணையும் பெயர் என்று தமிழ்ப் பாடத்தில் படிக்கிறோம். வினையாலணையும் பெயர் காலம் காட்டும். இவை காட்டுவது இறந்தகாலம். நோபலின் வாசகத்தை எப்படித் தமிழாக்கினாலும் 'செய்யவிருப்பவர்' என்று எழுத இடமில்லை. ஆயினும், சமாதானப் பரிசைச் சுற்றி எழுந்த சர்ச்சைகளுள் பல இந்தக் காலப் பிரச்சினையிலிருந்தே பிறந்தவை. இறந்தகாலத்துக்கு உரிய பரிசை எதிர்காலத்துக்குக் கொடுக்கலாமா? அதுவும் படையும் பணமும் அதிகாரமும் கையில் உள்ள ஓர் ஆட்சித் தலைவருக்குக் கொடுக்கலாமா? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே.

இவ்விவாதத்தில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் பராக் ஒபாமா. அவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பதவியேற்றது 2009 ஜனவரி 20ஆம் திகதி. அவ்வாண்டின் பரிந்துரைகளை ஏற்கும் இறுதி நாள் பெப்ரவரி 1. இடையில் இருந்தவை பன்னிரண்டு நாட்கள். அந்தப் பன்னிரண்டு நாட்களை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது நியாயமாகாது என்பதும் உண்மைதான். நோர்வே பாராளுமன்றம் தெரிவு செய்யும் ஐவர் கொண்ட குழு ஒக்டோபர் வரையில் நடந்தவற்றையும் கவனத்திற் கொண்டது. சரி, அந்த ஒன்பது மாதங்களில் நடந்தவை எவை?

ஏப்ரல் 5ஆம் திகதி பிராக் நகரில் அணுவாயுதமற்ற உலகம் பற்றி அவர் உரையாற்றினார். தமது ஆயுட்காலத்தில் அது கைகூடாமலும் போகலாம் என்று அவ்வுரையிலேயே கூறினார். ஜூன் 4ஆம் திகதி கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் உலகை நோக்கிப் பேசினார். ஸலாம் கூறித் தொடங்கிய அவ்வுரை உலகெங்கும் பல முஸ்லிம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன் ஆவலுடன் கேட்கப்பட்டது. இஸ்ரேலியக் குடியேற்றங்கள் நிறுத்தப்பட வேண்டும் என்று ஓர் அமெரிக்க ஜனாதிபதி கெய்ரோவில் நின்று சொன்னது சிறிய விடயமன்று. ஆனால் அது சொல். அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி பரிசை அறிவித்த குழுவின் தலைவர் தோர்பியோன் யாக்லாண்ட் வாசித்த காரணமும், சர்வதேச இராஜதந்திரத்தையும் மக்களிடையேயான ஒத்துழைப்பையும் வலுப்படுத்த ஒபாமா எடுத்த அசாதாரண முயற்சிகள் என்பதாகவே இருந்தது. முயற்சி என்ற சொல்லைக் கவனியுங்கள். வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்பது போல, முடிந்ததா முடியவில்லையா என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

பரிசு அறிவிக்கப்பட்டதற்கும் வழங்கப்பட்டதற்கும் இடையில், டிசெம்பர் 1ஆம் திகதி, ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படையினரை அனுப்புவதாக அவர் அறிவித்தார். ஒன்பது நாட்கள் கழித்து ஒஸ்லோவில் பரிசைப் பெற்றார். அங்கு அவர் ஆற்றிய உரை நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். தமது பணியின் தொடக்கத்திலேயே தாம் நிற்பதாகவும், மார்ட்டின் லூதர் கிங், நெல்சன் மண்டேலா போன்றோருடன் ஒப்பிடுகையில் தமது சாதனைகள் அற்பமானவை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். சில வேளைகளில் யுத்தம் தவிர்க்க முடியாதது என்றும் அதே மேடையில் வாதிட்டார். பரிசுத் தொகையான ஒரு கோடி சுவீடிஷ் குரோனரை அறக்கட்டளைகளுக்குப் பகிர்ந்தளித்தார். ஆகவே இங்கே குறை கூறப்பட வேண்டியது பரிசைப் பெற்றவரின் நடத்தையை விட, கொடுத்தவர்களின் கணிப்பையே.

அக்கணிப்பு எப்படி முடிந்தது? நன்மையான பக்கத்தை முதலில் சொல்லிவிடுவோம். 2010 ஏப்ரலில் ரஷ்யாவுடன் புதிய அணுவாயுதக் குறைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. இரு தரப்பும் நிலைநிறுத்தும் அணுவாயுத வெடிமுனைகள் தலா 1,550ஐ மீறக்கூடாது என்று அது வரையறுத்தது. 2015இல் ஈரானுடனான அணு உடன்படிக்கை உருவானது. கியூபாவுடன் இராஜதந்திர உறவும் மீண்டது. மறுபக்கத்தில், குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானம் 2011 பெப்ரவரியில் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது பதினான்கு நாடுகள் ஆதரிக்க, அமெரிக்கா ஒன்று மட்டும் வீட்டோ அதிகாரத்தால் அதனைத் தடுத்தது. கெய்ரோவில் சொன்னதற்கும் நியூயோர்க்கில் உயர்ந்த கைக்கும் இடையில் இருபது மாதங்கள். பதவியின் இறுதி வாரங்களில், 2016 டிசெம்பரில், அத்தகைய தீர்மானம் ஒன்று நிறைவேற அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது உண்மை. அதற்குள் ஆளில்லா விமானத் தாக்குதல்கள் பாகிஸ்தானிலும் யெமனிலும் பெருகியிருந்தன. நோபல் குழுவின் செயலாளராக நெடுங்காலம் இருந்த கெய்ர் லுண்டெஸ்டாட், குழு எதிர்பார்த்த பலனை அப்பரிசு தரவில்லை என்று 2015இல் வெளிவந்த தமது நினைவுக்குறிப்பில் எழுதினார்.

இனி எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்போம். அது வலுவற்ற வாதமன்று. சமாதானம் என்பது கணிதத் தேற்றம் போல நிறுவி முடிக்கக்கூடிய ஒன்றல்ல. ஒரு தலைவர் நடுவழியில் நிற்கும்போதுதான் அவருக்கு ஊக்கம் தேவை. எல்லாம் முடிந்த பின் கொடுக்கும் பரிசு அலங்காரப் பொருளாகிவிடும் என்பது அவர்கள் கூற்று. இதற்கு வரலாற்றில் சான்றும் உண்டு. நாஸிகளின் தடுப்பு முகாமில் வாடிய ஜேர்மன் பத்திரிகையாளர் கார்ல் வொன் ஒசியெட்ஸ்கிக்கு 1935ஆம் ஆண்டுக்கான பரிசு வழங்கப்பட்டபோது அவர் எதையும் வென்றிருக்கவில்லை. தென்னாபிரிக்காவின் டெஸ்மண்ட் டுட்டு 1984இல் பரிசு பெற்றபோது நிறவெறி ஆட்சி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஆனால் இவ்வுதாரணங்களை ஆட்சித் தலைவர்களுக்குப் பொருத்த முடியாது. ஒசியெட்ஸ்கியும் டுட்டுவும் அதிகாரத்தின் கீழ் நசுங்கியவர்கள். அவர்களுக்குப் பரிசு ஒரு கேடயம். உலகம் பார்க்கிறது என்ற செய்தியை அது சிறைக் காவலனுக்கும் பொலிஸாருக்கும் சொல்கிறது. ஒரு நாட்டின் இராணுவத்துக்குக் கட்டளையிடும் ஒருவருக்கு எதற்குக் கேடயம்? தாம் நினைத்ததைச் செய்வதற்கான கருவிகள் ஏற்கெனவே அவர் மேசையில் இருக்கின்றன. அவரிடம் நாம் கேட்க வேண்டியது, நீங்கள் அவற்றை எடுத்தீர்களா என்பதே.

அப்படியானால் முழு வெற்றி கிட்டும் வரை எந்தத் தலைவருக்கும் பரிசளிக்கக்கூடாதா? அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எண்ணத்துக்கும் சாதனைக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும், திரும்பப் பெற முடியாதபடி ஒருவர் எடுத்துவைக்கும் அடி அது. எகிப்தின் ஜனாதிபதி அன்வர் சதாத் 1977 நவம்பரில் ஜெரூசலத்துக்குச் சென்று இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் உரையாற்றினார். அவருடைய வெளிநாட்டமைச்சரே பதவி விலகினார். 1978இல் அவருக்கும் மெனாகெம் பெகினுக்கும் பரிசு அறிவிக்கப்பட்டபோது சமாதான உடன்படிக்கை இன்னும் கைச்சாத்தாகவில்லை. அது 1979 மார்ச்சில்தான் நடந்தது. அதன் பின் எகிப்து அரபு லீக்கிலிருந்து இடைநிறுத்தப்பட்டது. 1981 ஒக்டோபர் 6ஆம் திகதி சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எடுத்த பாதை பலஸ்தீன மக்களைக் கைவிட்டது என்ற குற்றச்சாட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அவர் வெறும் எண்ணத்துடன் நின்றார் என்று எவரும் சொல்ல முடியாது.

மேற்கு ஜேர்மனியின் வில்லி பிராண்டும் இவ்வகையினரே. 1970 டிசெம்பர் 7ஆம் திகதி வார்சோ நகரில், நாஸிகளுக்கு எதிராகக் கிளர்ந்த யூதர்களின் நினைவுச்சின்னத்தின் முன் அவர் முழந்தாளிட்டார். அதே நாளில் போலந்துடன் ஒப்பந்தம் செய்து, யுத்தத்தின் பின் ஏற்பட்ட எல்லையை ஏற்றுக்கொண்டார். இழந்த நிலத்தை மறக்க முடியாத இலட்சக்கணக்கான வாக்காளர் அவர் நாட்டில் இருந்தனர். 1971இல் அவருக்குப் பரிசு கிடைத்தது. ஒப்பந்தங்களுக்குப் பாராளுமன்றம் அங்கீகாரம் அளித்தது 1972 மே மாதத்தில். அதற்குச் சில வாரங்கள் முன்னர் நம்பிக்கையில்லாப் பிரேரணையொன்றில் இரண்டு வாக்குகளால் தப்பினார். இங்கும் பரிசு முடிவுக்கு முன்னரே வந்தது. ஆனால் விலை கொடுக்கப்பட்ட பின்னரே வந்தது.

கொலம்பியாவின் ஜனாதிபதி ஹுவான் மனுவல் சந்தோஸ் பற்றி இங்கே சற்றுக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் முன்கூட்டிய பரிசு பயன்பட்டதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று அதுவே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த உள்நாட்டு யுத்தத்தை முடிக்க அவரது அரசு ஃபார்க் கிளர்ச்சியாளருடன் பல ஆண்டுகள் பேசி, 2016 செப்டெம்பர் 26ஆம் திகதி ஒப்பந்தம் செய்தது. ஒக்டோபர் 2ஆம் திகதி அது மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. மயிரிழையில் தோற்றது, எதிராக விழுந்தவை 50.2 சதவீதம். எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்த வேளையில், ஐந்து நாட்கள் கழித்து, ஒஸ்லோவிலிருந்து அறிவிப்பு வந்தது. எதிர்த்தவர்களின் கோரிக்கைகள் சிலவற்றைச் சேர்த்துத் திருத்திய ஒப்பந்தம் நவம்பர் 24ஆம் திகதி கைச்சாத்தாகி, அம்மாத இறுதியிலேயே சட்டசபையின் அங்கீகாரத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டில் கிளர்ச்சியாளர் ஆயுதங்களை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைத்தனர். கொலம்பியாவில் வன்முறை அற்றுப்போகவில்லை. ஆனாலும், கரை தெரியும் தூரத்தில் தத்தளித்த தோணிக்கு அப்பரிசு காற்றாக உதவியது. தோணியே இல்லாத இடத்தில் காற்று என்ன செய்யும்?

எண்ணத்தைப் பற்றி இவ்வளவு சொல்லும்போது ஒரு கேள்வி நம்மிடையே எழுவது இயல்பு. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற கருத்திலான ஹதீஸுடன் ஸஹீஹுல் புகாரி தொடங்குகிறது. நிய்யத் இல்லாத வணக்கம் வணக்கமாகாது என்று சிறுவயதிலிருந்தே கற்றிருக்கிறோம். நன்மையொன்றைச் செய்ய எண்ணிச் செய்ய இயலாமற் போனவருக்கும் நன்மை எழுதப்படும் என்றும் அறிவோம். அப்படியிருக்க, எண்ணத்துக்குப் பரிசளிப்பதைக் குறை கூறலாமா? அதே போதனையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். எண்ணி நின்றவருக்கு ஒரு நன்மை எனில், எண்ணியபடி செய்தவருக்குப் பத்து முதல் பன்மடங்கு. எண்ணமும் செயலும் அங்கேயும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை. இன்னொன்று, உள்ளத்தில் இருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஒஸ்லோவில் கூடும் ஐவருக்கு ஒரு தலைவரின் நிய்யத் எப்படித் தெரியும்? அவர்கள் கேட்பது அவரது உரையை. உரைகளை எழுதுவதற்கு ஆட்சித் தலைவர்கள் சம்பளம் கொடுத்து ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்ன அளவுகோலையும் குழப்பிவிடும் ஓர் உதாரணம் உண்டு. எதியோப்பியாவின் பிரதமர் அபீ அஹ்மத் 2018 ஏப்ரலில் பதவிக்கு வந்தார். எரித்திரியாவுடனான எல்லை பற்றி 2002இல் வழங்கப்பட்ட தீர்ப்பை அவருக்கு முந்திய ஆட்சியாளர் நடைமுறைப்படுத்தாமலே காலம் கடத்தினர். அவர் அதனை முழுமையாக ஏற்பதாக அறிவித்து, ஜூலை மாதம் அஸ்மராவுக்கே சென்று சமாதானப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அரசியற் கைதிகளை விடுவித்தார். அமைச்சரவையில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார். இவை சொற்களல்ல, செயல்கள். ஆனால் 2019 ஒக்டோபரில் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஆரவாரத்துடன் திறக்கப்பட்ட எல்லைக் கடவைகள் மீண்டும் மூடப்பட்டிருந்தன. எல்லைக்கோடு நிலத்தில் குறிக்கப்படவில்லை. இப்பரிசு அவசரமாகக் கொடுக்கப்படுகிறது என்று சிலர் எண்ணக்கூடும் எனக் குழுவே தனது அறிவிப்பில் குறிப்பிட்டது. எண்ணக்கூடும் என்று தெரிந்தும் கொடுத்தார்கள்.

2020 நவம்பர் 4ஆம் திகதி திக்ராய் யுத்தம் மூண்டது. சமாதானம் செய்துகொண்ட அதே எரித்திரியாவின் படைகள் எதியோப்பியப் படைகளுடன் சேர்ந்து திக்ராய் மண்ணில் போரிட்டன. 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் உடன்பாடு ஏற்படும் வரையில் பட்டினியாலும் போராலும் இலட்சக்கணக்கானோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அவ்வாண்டு ஜனவரியில் நோபல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பிரதமர் என்ற வகையிலும் பரிசு பெற்றவர் என்ற வகையிலும் யுத்தத்தை முடிக்கும் விசேட பொறுப்பு அபீக்கு உண்டு என்றது. அதற்கு மேல் குழுவால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கொடுத்த பரிசைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை.

செயலைப் பார்த்துக் கொடுத்தாலும் பிழைக்கலாம் என்பதற்கு இது சான்று என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவுக்கு உண்மைதான். அபீ ஒஸ்லோவில் பரிசு பெற்ற 2019 டிசெம்பர் 10ஆம் திகதி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் ரோஹிங்கிய மக்கள் மீதான இனப்படுகொலைக் குற்றச்சாட்டு விசாரணைக்கு எடுக்கப்பட்டது. கம்பியா தொடுத்த வழக்கில் மியன்மார் தரப்பில் அமர்ந்திருந்தவர் ஆங் சான் சூகி, 1991இல் வீட்டுக்காவலில் இருந்தபடி அதே பரிசை வென்றவர். அன்று அவருக்குக் கிடைத்தது அவர் பட்ட துன்பத்துக்கு உரியதுதான். ஒருவரின் மீதி வாழ்நாளுக்கு எந்தக் குழுவும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இவ்விருவரின் கதையிலிருந்தும் நாம் பெறுவது, பரிசளிப்பவர் சற்றுப் பொறுத்துப் பார்ப்பதற்கான காரணத்தை அல்லவா? செய்தவரே நாளை மாறக்கூடும் எனில், செய்யவே இல்லாதவரை நம்பிப் பந்தயம் கட்டுவது எவ்வளவு துணிச்சல்! அப்பந்தயம் தோற்றால் குழுவின் மதிப்புச் சற்றுக் குறையும். அகதி முகாமில் இருப்பவர் இழப்பது அதைவிட அதிகம். தம்மீது யுத்தம் தொடுத்தவரை உலகம் சமாதானத் தூதர் என்று அழைப்பதை அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இத்தலைப்பை விவாத மேடைக்கு எடுத்துச் செல்லும் தங்கையருக்கு ஒன்று சொல்லலாம். எதிரணியினர் பெரும்பாலும் காந்தியடிகளை எடுத்துக்காட்டுவர். ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1948இல் அவர் கொல்லப்பட்ட பின், தகுதியுடைய எவரும் உயிரோடில்லை என்று கூறி அவ்வாண்டுப் பரிசே நிறுத்திவைக்கப்பட்டது. காத்திருந்தால் இப்படித்தான் காலம் கடந்துவிடும் என்பது அவர்கள் வாதமாக இருக்கும். ஆனால் 1947இல் குழுவின் முன் இருந்தது காந்தியடிகளின் எண்ணமா? முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட செயலல்லவா? அங்கே நடந்த பிழை, செய்தவரைக் காணத் தவறியது. செய்யாதவரைத் தேடிப்பிடிப்பதால் அது சரியாகிவிடாது.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு பரிசே உண்டு. அதனை மூவருக்கு மேல் பகிர முடியாது. ஒருவரின் எண்ணத்துக்கு அது போகும்போது இன்னொருவரின் உழைப்பு வரிசையில் காத்து நிற்கிறது. கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, புக்காவு நகரில் பன்சி வைத்தியசாலையை வைத்தியர் டெனிஸ் முக்வேகே 1999இல் ஆரம்பித்தார். யுத்தத்தில் பாலியல் வன்முறைக்கு உள்ளான ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கு சிகிச்சையளித்தார். 2009இல் அவ்வைத்தியசாலைக்கு வயது பத்து. 2012இல் அவரைக் கொல்ல முயன்றவர்கள் வீட்டுக்கே வந்தனர். சில மாதங்கள் வெளிநாட்டில் தங்கிவிட்டு மீண்டும் புக்காவுக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். யஸீதி இனப் பெண் நாதியா முராதுடன் அவருக்கும் பரிசு என்ற செய்தி 2018 ஒக்டோபர் 5ஆம் திகதி ஒஸ்லோவிலிருந்து வந்தபோது, அவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தார்.